பிடிக்கிற கூலி

இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் லேத்துப் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் கண் போவது சுருளின் மேல்தான். வெட்டும் டூல் பட்ட இடத்திலிருந்து நீலம் பாய்ந்து, லேசான புகையோடு சுருண்டு விழும் இரும்பைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று தோன்றும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஓர் ஆள் பொருளைக் கவ்விச் சுற்றும் 'சக்'கைக் கையால் உருட்டி உருட்டி, சாவியை இங்கே கால் திருப்பு, அங்கே அரைத் திருப்பு என்று போட்டு, குனிந்து குனிந்து விலகலைக் காட்டும் டயலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது யார் கணக்கிலும் வராது. மெஷின் ஓடினால் வேலை, நின்றால் சும்மா. "அஞ்சு நிமிஷங்கூட ஓடலியே, இதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வியைக் காதில் வாங்காத பட்டறைக்காரர் காரைக்குடியில் இருக்க மாட்டார்.

கடைசல் வேலையில் முக்கால் பங்கு பிடிப்பது, வெட்டுவதெல்லாம் மிச்சம் என்பது என் கட்சி. பொருளைச் சரியாகப் பிடித்து, டூலையும் சரியாகப் பிடித்துவிட்டால் அப்புறம் டூலைத் தாங்கி நகரும் கேரேஜை ஓட்டுவது யாராலும் ஆகும். இதை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இதைச் சொல்லி யாரையும் நம்ப வைக்க முடிந்ததில்லை. கூலியைக் கூட்டிக் கேட்பதற்கு ஒரு சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கண்ணால் பார்க்கிற மாதிரி ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. அது ஒரு மாவு மில்லிலிருந்து வந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் பட்டறையில் ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும்.

ஃபோர்-ஜா கட்சி

பழைய வீட்டுச் சாமான்களைச் சரிபண்ணிக் கொடுப்பது என் தொழில். கீல், பூட்டு, கொண்டி, ஊஞ்சல் கொக்கி, பழைய மின்விசிறி. வீட்டுக்காரர்கள் வருவார்கள், வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்கள் வருவார்கள், முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளிலிருந்தும் வரும். இருப்பது ஓர் ஆறடி லேத், ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் செய்தது. அதில் நிற்பவர் என்னைவிட மிகவும் மூத்தவர். ஊரே அவரை டர்னர் அண்ணன் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே.

அண்ணன் மெஷினில் எப்போதும் ஃபோர்-ஜா சக்தான், அதாவது நாலு தாடை உள்ள சக்தான், மாட்டியிருக்கும். த்ரீ-ஜா சக் பலகைக்கு அடியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கும். த்ரீ-ஜாவில் ஒரு சாவியைத் திருப்பினால் மூன்று ஜாவும் ஒன்றாக வந்து பொருளைத் தானே நடுவில் நிறுத்தும்; பத்து நொடி வேலை. ஃபோர்-ஜாவில் ஒவ்வொரு ஜாவுக்கும் தனி மரை. எதிரெதிரே உள்ள இரண்டை முதலில் பார்க்க வேண்டும். ஒன்றாம் ஜா பக்கம் டயல் 40 பாயிண்ட் (ஒரு பாயிண்ட் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒன்று) காட்டி, மூன்றாம் ஜா பக்கம் சைபர் காட்டினால், நகர்த்த வேண்டியது 20. மூன்றாம் ஜாவைத் தளர்த்தி ஒன்றாம் ஜாவை இறுக்க வேண்டும். அப்புறம் அடுத்த ஜோடி. அது முடிந்ததும் மறுபடி முதல் ஜோடி கொஞ்சம் நகர்ந்திருக்கும். பழகாதவருக்கு அரை நாள் போகும். அண்ணன் முதலில் சாக்பீஸை நீட்டுவார். மேடான இடத்தில் வெள்ளை ஒட்டும், அதை வைத்தே முக்கால்வாசி அவுட்டை, அதாவது நடுவிலிருந்து விலகலை, எடுத்துவிட்டு, கடைசிக்குத்தான் டயலைக் கொண்டுவருவார். ஒரு பாயிண்டுக்குள் நிறுத்தாமல் டூலைக் கிட்டே கொண்டுபோக மாட்டார். கொஞ்சம் உழைத்த த்ரீ-ஜா சக்கில் 5, 10 பாயிண்ட் அவுட் இருப்பது சகஜம்.

எனக்கு இதில் ஒரு பகுதிதான் சம்மதம். நம்மிடம் வருகிற பொருள் பாதிக்கு மேல் வட்டமே கிடையாது. மணல் அச்சில் வார்த்த பித்தளைக் குமிழ் ஒருபக்கம் பருத்திருக்கும், பூட்டின் உடல் சதுரம், கீலின் தண்டு உடலுக்கு நடுவில் இருக்காது. த்ரீ-ஜாவில் இவற்றை நிறுத்தவே வழியில்லை, ஆகவே அங்கே ஃபோர்-ஜாதான். அதுவும் போதாவிட்டால் சக்குக்குப் பதில் மாட்டும் தட்டையான ஃபேஸ் பிளேட்டில், எல் வடிவ ஆங்கிள் பிளேட் போட்டுக் கட்டி, எதிர்ப்பக்கம் எடைக்கு ஓர் இரும்புத் துண்டு வைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். ஆனால் பளபளப்பான ராடை வாங்கி இருபது வாஷர் அறுத்துக் கொடுப்பதற்கும் ஃபோர்-ஜாதான் என்று ஒருவர் நிற்பாரானால் அதை நான் பிடிவாதம் என்பேன். ஒரே செட்டிங்கில் முகம் (முன்முனை) சீவி, துளைபோட்டு, வெளியும் கடைந்து அறுத்தால் சக் எவ்வளவு அவுட்டாக இருந்தாலும் பொருள் தனக்குள் சரியாகவே இருக்கும். கழற்றித் திருப்பி மாட்டும்போதுதான் அவுட் உள்ளே வருகிறது. இதை அண்ணனிடம் சொன்னால், "சரிதான் தம்பி, ஆனா த்ரீ-ஜா நம்பிக்கைத் துரோகம் பண்ணும்" என்பார். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டார். வயசானவர்களின் வெறுப்புகளில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

இதில் ஷாஃப்ட் வேலைக்கு மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. இரண்டு முனையிலும் 60 டிகிரி சென்டர் துளை போட்டு, ஷாஃப்டைச் சேர்த்துச் சுற்றும் கேரியர் மாட்டி, சென்டர் என்கிற இரண்டு கூம்பு முனைகளுக்கு நடுவில் ஓட்டுவதைப் போல யோக்கியமான பிடி வேறு கிடையாது. கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டினாலும் அதே அச்சில்தான் சுற்றும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்ட வெட்ட ஷாஃப்ட் சூடாகி நீளும். ஒரு மீட்டர் இரும்பு 30 டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போல நீண்டுவிடும். சுற்றாமல் நிற்கும் டெட் சென்டர் அப்போது கிறீச்சிட ஆரம்பிக்கும். அண்ணன் அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே அந்தச் சென்டரைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கைக் கொஞ்சம் தளர்த்தி, இன்னொரு விரல் கிரீஸ் வைத்துவிடுவார்.

ஆக்ஸா பிளேடுப் பெட்டி

பொருளைப் பிடிப்பது பற்றிப் பேசுகிறவர்கள்கூட டூலைப் பிடிப்பதை மறந்துவிடுகிறார்கள். எங்களிடம் இருப்பது நாலு பக்கமும் டூல் மாட்டுகிற சதுர டூல் போஸ்ட். பாக்கெட்டில் டூலை வைத்து, மேலே மூன்று போல்ட்டை இறுக்க வேண்டும். டூல் முனை சென்டர் உயரத்துக்கு வர, அடியில் தகடு கொடுக்க வேண்டும். அண்ணனிடம் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அது நிறைய இரும்பறுக்கும் ஆக்ஸாவின் உடைந்த பிளேடு, பல்லைச் சாணையில் தேய்த்துவிட்டு நீளத்துக்கு வெட்டியது. கூடவே சிகரெட் அட்டை கனத்திலிருந்து கால் அங்குலப் பட்டை வரை விதவிதமான தகடுகள். ஒவ்வொரு டூலுக்கும் எத்தனை தகடு என்று அவருக்கு மனப்பாடம். நீளமாகப் போட வேண்டும், டூல் முனைக்கு நேர் கீழே வரை தகடு வந்திருக்க வேண்டும் என்பதில் கறார். பாதியில் நிற்கும் தகடு இருந்தால் டூல் தலையாட்டும், பொருளில் சிற்றலைபோல வரி விழும்.

உயரம் பார்க்க அவர் செய்வது ஒரு சின்ன வித்தை. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை உருண்டையான பொருளுக்கும் டூல் முனைக்கும் நடுவில் வைத்து, ஸ்கேல் விழாத அளவுக்கு மட்டும் டூலைத் தள்ளிப் பிடிப்பார். ஸ்கேல் நேராக நின்றால் டூல் சென்டரில் இருக்கிறது. ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயரம். மெல்லிய பொருளானால் சாய்வு இன்னும் நன்றாகத் தெரியும். அதிகம் அழுத்தினால் கார்பைடு முனை பொடியாகும், ஆகவே ஸ்கேல் நிற்கிற அளவுக்குத்தான். முகம் சீவும்போது நடுவில் ஒரு மொட்டு நின்றால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, டூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு இரண்டு மடங்கு என்று நினைப்பார்கள். எட்டு மடங்கு. நீளத்தின் மும்மடிக்கு ஏறும் கணக்கு அது. 20 மில்லிமீட்டர் நீட்டத்தில் அமைதியாக வெட்டுகிற டூல், 40-இல் கத்துவதற்கு இதுதான் காரணம். துளையைக் குடையும் டூலான போரிங் பாரில் இது உயிர்ப்பிரச்சினை, ஏனென்றால் துளைக்குள் போக நீளம் வேண்டும், துளைக்குள் நுழைய மெலிவும் வேண்டும். இரும்புப் பார் தன் விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் நீண்டால் நம்ப முடியாது. அளவு வைத்து ஒருமுறை ஓட்டி, டூலை நகர்த்தாமல் மறுபடி ஓட்டினால் இரண்டாம் தடவையும் தூள் கொட்டும். முதல் தடவை பார் வளைந்து ஒதுங்கிப் போயிருக்கிறது என்று பொருள். அந்தக் காலி ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவர் கேட்பார்: "சும்மாதான ஓடுது?"

டூல் போஸ்ட்டை மாற்றலாம்தான். நிமிடத்தில் கழற்றி மாட்டி, ஒரு திருகைத் திருப்பி உயரம் வைக்கிற குயிக் சேஞ்ச் போஸ்ட் இன்று சுலபமாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் போடுவோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிஸ்கட் டின் இருக்கிற வரை நடக்காது போல.

ஆச்சி கொண்டுவந்த புஷ்

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு மாவு மில். மேலே நீளமாக ஓடும் ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும் பழைய ஏற்பாடு. ஒவ்வொரு மெஷினின் சொந்தக் குட்டை ஷாஃப்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புல்லி. ஒன்று ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும், இன்னொன்று ஷாஃப்டில் சும்மா சுற்றும். மெஷினை நிறுத்த பெல்ட்டைச் சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளிவிட்டால் போதும். தனித்தனி மோட்டார் போட்டால் ஒரே நாளில் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் "எங்க அப்பச்சி பர்மாவுலேருந்து வந்து போட்ட மில்லு" என்று அந்த ஆச்சி அதை அப்படியே ஓட்டுகிறார். கணக்குப் பேரேட்டைக் கையாலேயே எழுதுகிறவர். ஒரு ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டால் பக்கம் புரட்டாமல் சொல்லுவார்.

சும்மா சுற்றும் புல்லி ஒன்றின் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. வார்ப்பிரும்புப் புல்லி, நடுக்குடம் ஏற்கெனவே மெலிவு, அதிகம் குடைய முடியாது. ஆகவே சுவர் இரண்டரை மில்லிமீட்டர் மட்டும் உள்ள மெல்லிய கன்மெட்டல் புஷ், அதாவது துளைக்குள் இறக்கும் வெண்கலக் குழாய், போட வேண்டும். அந்தக் குட்டை ஷாஃப்ட் 32 மில்லிமீட்டர். ஒரு பட்டறையில் கொடுத்து, கையோடு இரண்டாகப் போடச் சொல்லி, ஒன்றைப் புல்லியில் இறக்கியும் கொடுத்துவிட்டார்கள். ஷாஃப்டில் மாட்டினால் நுழையவில்லை. தட்டி நுழைத்தால் சுற்றவில்லை. திரும்பக் கொண்டுபோனதற்கு அந்தப் பட்டறைக்காரர் ஆச்சி கண்முன்னே மைக்ரோமீட்டரை விட்டுக் காட்டியிருக்கிறார். 32.05. திருப்பித் திருப்பி எந்தப் பக்கம் வைத்தாலும் 32.05. ஷாஃப்டை அளந்தார், 32.00. "ஆச்சி, அஞ்சு பாயிண்ட் லூஸ் இருக்கு. ஒங்க ஷாஃப்டுதான் வளைஞ்சிருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆச்சி புல்லி, ஷாஃப்ட், மிச்சமிருந்த இன்னொரு புஷ் எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். "எனக்கு இதுல ஒண்ணும் புரியலை தம்பி. ஓட்டை பெருசு, கம்பி சிறுசுங்குறாக. அப்ப ஏன் நுழையலை?"

ஷாஃப்டைச் சென்டருக்கு நடுவில் மாட்டி டயல் வைத்தோம். நேராகவே இருந்தது. புஷ் இறக்கும்போது இறுகிச் சுருங்கியிருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை, இறக்கிய பிறகுதான் 32.05. துளையை அளக்கும் போர் டயலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. அவ்வளவு சுத்தமான வட்டத்தை எங்கள் மெஷினில்கூட நான் பார்த்ததில்லை. அங்கேதான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் சந்தேகப்பட்டவர் அண்ணன்.

அவர் டயலைப் பார்க்கவே இல்லை. மிச்சமிருந்த புஷ்ஷை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெளிப்புறத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ரப்பர் ஸ்டாம்புக்கு ஊற்றுகிற நீல மையை ஷாஃப்ட் நுனியில் விரலால் மெல்லியதாகத் தடவி, புஷ்ஷை அதில் திருகாமல் நேராக அழுத்தி எடுத்தார். உள்ளே நீலம் ஒட்டியிருந்தது மூன்று கோடுகளாக. மூன்றும் சம தூரத்தில். நடுவில் இருந்த இடத்தில் மை படவே இல்லை. அப்புறம் வெளிப்புறத்தைக் காட்டினார். ஜா பிடித்த தடம் மங்கலாகத் தெரிந்தது, அதுவும் மூன்று. பென்சிலால் ஒவ்வொரு நீலக் கோட்டுக்கும் நேர் வெளியே ஒரு கோடு போட்டார். பென்சில் கோடு ஒவ்வொன்றும் இரண்டு ஜா தடங்களுக்குச் சரியாக நடுவில் விழுந்தது.

நடந்தது இது. மெல்லிய வளையத்தை மூன்று ஜா அமுக்கினால் அந்த மூன்று இடமும் உள்ளே போகும், இடையில் உள்ள மூன்று இடமும் வெளியே பிதுங்கும். அந்த நிலையில் போரிங் டூல் உள்ளே போய் அழகான வட்டமாக வெட்டிவிட்டு வரும். சக்கில் இருக்கும்வரை அது வட்டம்தான். தளர்த்தினால் அமுங்கிய இடம் வெளியே வரும், பிதுங்கிய இடம் உள்ளே போகும். வெளிப்புறம் பழையபடி வட்டம், உட்புறம் மூன்று மேடு மூன்று பள்ளம். இதில் விஷமம் என்னவென்றால் ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே இருப்பது ஒரு பள்ளம். மைக்ரோமீட்டர் எதிரெதிர் இரண்டு புள்ளியை மட்டும் தொடும். ஒரு பக்கம் மேடு 3 பாயிண்ட் உள்ளே வந்திருந்தால் எதிர்ப்பக்கம் பள்ளம் 3 பாயிண்ட் வெளியே போயிருக்கும். கூட்டினால் அதே 32.05. ஷாஃப்டுக்கோ மூன்று மேடும் ஒரே நேரத்தில் முட்டுகிறது. அதற்குக் கிடைக்கும் இடம் 31.99. நுழையாது.

"இதைத்தான் சொன்னேன்" என்றார் அண்ணன். எனக்கு விட மனமில்லை. "ஃபோர்-ஜாவுல பிடிச்சிருந்தாலும் அமுங்கத்தானே செய்யும்ணே? இது சுவர் மெலிவோட குத்தம், ஜாவோட குத்தமில்லையே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. மைத் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அமுங்கும். ஆனா மாட்டிக்கும்."

யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான் விஷயம். நாலு ஜாவில் மேட்டுக்கு எதிரே மேடு, பள்ளத்துக்கு எதிரே பள்ளம். மைக்ரோமீட்டரை 45 டிகிரி திருப்பி வைத்தால் அளவு மாறும், உடனே தெரிந்துவிடும். மூன்று ஜாவில் எத்தனை தரம் திருப்பினாலும் ஒரே அளவு. தப்பு நடப்பது இரண்டிலும்தான். ஒன்றில் அது தெரியும், மற்றதில் நாம் நம்பி வைத்திருக்கும் கருவியே அதை மறைத்துக் கொடுக்கும். அண்ணன் சொன்ன நம்பிக்கைத் துரோகம் எது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா, அனுபவத்தில் எப்போதோ பட்டதா என்று கேட்டேன். "மில்லு வொர்க்‌ஷாப்புல வேலை பாக்கையில ஒருத்தன் சம்பளத்தைப் பிடிச்சாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அழகப்பா இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் பையன் ஒருவன் மாலையில் பட்டறைக்கு வருவான். அவனிடம் சொன்னபோது இதற்குப் பாடமே இருக்கிறது என்றான். இங்கிலாந்தின் லெஸ்டரில் வில்லியம் டெய்லர் என்பவர் 1905-இலேயே இதற்கு விதி வகுத்திருக்கிறார். நுழைய வேண்டும் என்று சோதிக்கும் கோ கேஜ் என்கிற அளவுக் கருவி முழு உருவத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும், நுழையக் கூடாது என்று சோதிக்கும் நோ-கோ ஒவ்வோர் அளவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆச்சி ஆட்டோவில் கொண்டுவந்த ஷாஃப்ட்தான் கோ கேஜ். அது முதல் நாளே தீர்ப்பைச் சொல்லிவிட்டது, யாரும் கேட்கவில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் சிதறியபின் விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெய்ன்மன்கூட இந்த இடத்தில் கை வைத்திருக்கிறார். பூஸ்டர் ராக்கெட்டின் உருளைத் துண்டுகள் வட்டமா என்று மூன்று விட்டங்களை அளந்து முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்ததும், மூன்றும் சமமாக இருப்பதால் மட்டும் வட்டம் ஆகிவிடாதே என்றார். விபத்துக்குக் காரணம் அதுவல்ல, குளிரில் விறைத்த ரப்பர் வளையம். ஆனாலும் நாசாவுக்கும் பள்ளத்தூர் மாவு மில்லுக்கும் ஒரே சந்தேகம் வந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மறுபடி போட்டது

இதற்கு வழிகள் உண்டு. சாஃப்ட் ஜா போட்டு, பொருளின் வெளி அளவுக்கே அந்த ஜாக்களைக் குடைந்துகொண்டால் பிடி மூன்று முனையில் விழாமல் சுற்றிலும் பரவும். ஒரு பக்கம் வெட்டுவிட்ட தடித்த வளையத்தைச் சட்டைபோல மாட்டி அதன் மேல் பிடிக்கலாம். ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பக்கவாட்டில் அமுக்காமல் முகத்தில் அமுக்கலாம். அண்ணன் எடுத்தது எல்லாவற்றிலும் எளிய வழி, எல்லாவற்றிலும் செலவான வழி. புஷ்ஷை ஒரு முழுத் துண்டிலிருந்தே எடுப்பது, அதைத் தனியாகப் பிடிக்கவே பிடிக்காமல்.

புஷ்ஷின் நீளம் 60 மில்லிமீட்டர். நடுவில் துளையோடு வார்த்த கன்மெட்டல் ராடில் 100 மில்லிமீட்டர் வாங்கினோம். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்கிற பழைய கலவை. கிலோ விலையைக் கேட்டால் நெஞ்சைப் பிடிக்கும். தடித்த முனையில் 30 மில்லிமீட்டரை ஃபோர்-ஜாவில் கொடுத்துப் பிடித்தார். அந்த இடம் என்ன அமுங்கினாலும் கவலையில்லை, அது புஷ்ஷில் வரப்போவதில்லை. உள்ளும் வெளியும் கொஞ்சம் கனம் விட்டு முதலில் வெட்டினார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார். பொருள் சூடு ஆற வேண்டும். சூட்டில் அளந்தால் ஆறின பிறகு சின்னதாகிவிடும். வந்து போரிங் பாரை முடிந்த மட்டும் தடிமனானதாக மாற்றி, பிஸ்கட் டின்னில் தகடு தேடி, ஸ்கேல் வித்தை துளைக்குள் எடுபடாது என்பதால் டெயில் ஸ்டாக் சென்டர் முனையோடு ஒட்டி உயரம் பார்த்து, அதைவிட ஒரு தலைமுடி மேலே வைத்தார். வெட்டும்போது பார் கீழே அமுங்குமாம், அதற்குத்தான். உள்ளே கடைசி ஓட்டம், காலி ஓட்டம் இரண்டு, வெளியே கடைசி ஓட்டம், எல்லாம் ஒரே பிடியில். அப்புறம் அறுத்து எடுத்தார்.

கையால் அழுத்தியபோது ஷாஃப்டில் சத்தமில்லாமல் இறங்கியது. நீல மை சுற்றிலும் படர்ந்திருந்தது. பழைய புஷ்ஷை எடுத்துவிட்டுப் புல்லியில் இதை இறக்கினோம். மறுபடி ஷாஃப்டை விட்டுச் சுற்றிப் பார்த்தார் ஆச்சி. தானே சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டார் போலிருக்கிறது.

பில்

பில்லை நான் வழக்கம்போல ஒரே தொகையாக எழுதியிருந்தேன். "எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதுங்க தம்பி" என்றார் ஆச்சி. சரி என்று உட்கார்ந்து எழுதினேன். சாமான், கடைசல், அறுப்பு என்று எழுதிக்கொண்டே வந்தால் தொகை பாதிகூட வரவில்லை. மிச்சத்தை எங்கே எழுதுவது? கடைசியில் வேறு வழியில்லாமல் "பிடிக்கிற கூலி" என்று ஒரு வரி எழுதினேன். கடைசலைவிட அது மூன்று மடங்கு இருந்தது. ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியில் விரலை வைத்தார். நான் விளக்கம் சொல்லத் தயாரானேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பட்டறை போட்டதில் மிச்சமிருந்த புஷ்ஷை எடுத்து உள்ளே இருந்த மூன்று நீலக் கோட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தப் பட்டறையில இந்த வரி இல்லை" என்றார். கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

சாமான் கணக்கில்தான் நின்றார். 60 மில்லிமீட்டர் புஷ்ஷுக்கு 100 மில்லிமீட்டர் ராடு ஏன்? பிடிப்பதற்கு 30, அறுப்பதற்கும் முகம் சீவுவதற்கும் மிச்சம் என்று சொன்னேன். அந்த 30 எங்கே என்றார். சக்கிலேயே இருந்தது. அதை எடுத்துத் தரச் சொன்னார். காசு கொடுத்தது அவர்தானே, நியாயம்தான். அண்ணன் ஜாவைத் தளர்த்தி எடுத்து, எண்ணெயைத் துடைத்துக் கையில் கொடுத்தார். ஆச்சி அதை உருட்டிப் பார்த்துவிட்டு, ஊஞ்சலுக்கு இரண்டு வாஷர் வேண்டியிருக்கிறது, இதிலேயே போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"போடலாம் ஆச்சி" என்றார் அண்ணன். "ஒண்ணுதான் வரும். இன்னொண்ணு பிடிக்கிறதுக்கு வேணும்."

ஆச்சி துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாஷருக்கு வேறு ராடு விலை கேட்டு வைக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.